கயிறு இல்லாத காவடி

பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை வகுப்பு முடிந்து, கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் அண்ணன் திருச்செல்வத்தின் பக்கத்தில் புனிதா உட்கார்ந்திருந்தாள். ரயில் கிளம்பும்போதெல்லாம் ஊர்தான் பின்னால் நழுவுகிறது என்று அவளுக்குத் தோன்றும்.

அவள் தனியாளாகச் செய்த முதல் வீடியோ கேமை இணையக் கடை மறைத்துவிட்டது. வெளிநாட்டு இயக்கம் ஒன்று, ஆபாச விளையாட்டுகளுக்குப் பணம் வாங்கித் தரக்கூடாது என்று கட்டண நிறுவனங்களை நெருக்கியது. அவை கடையை நெருக்கின. கடை, குறிச்சொற்களைத் தேடிப் பார்த்துச் சிக்கியதையெல்லாம் வாரிப் போட்டது. புனிதாவின் காவடி விளையாட்டும் அதில் போயிற்று.

"அப்படி என்னதாம்மா எழுதிக் கொடுத்தே?"

"உள்ளதைத்தான்ணே. உடம்புல கொக்கி, கயிறு, வலி, சட்டை போடாத ஆம்பள..."

"அடிப்பாவி! படிக்கிறவன் என்ன நெனைப்பான்?"

"ஃபார்ம்ல கேட்டாங்க. மறைச்சா தப்பில்லையா?"

"எல்லாத்துக்கும் டிக் போட இது என்ன எஸ்.பி.எம். பரீட்சைப் பேப்பரா லா?"

திருச்செல்வம் வருடா வருடம் முதுகில் கொக்கி குத்திக் காவடி எடுப்பவன். கொக்கிகளில் கட்டிய கயிற்றைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது மாமா. புனிதா பால்குடத்தோடு ஓரமாக நடப்பாள். அதனால்தானோ என்னவோ, அவள் விளையாட்டில் ஆடுபவரின் வேலை கயிறு பிடிப்பது. அருள் வந்து காவடிக்காரன் முன்னால் பாய்ந்தால் இறுக்க வேண்டும், தளர்ந்தால் விட்டுக்கொடுக்க வேண்டும். உறுமிச் சத்தத்துக்குப் போன் கைக்குள் அதிரும்.

கொக்கியையும் கயிற்றையும் எடுத்துவிட்டு இன்றைக்குள் அனுப்பினால் மறுபடி விற்கலாம், இல்லையென்றால் ஒரேயடியாக நீக்கம் என்று கடை எழுதியிருந்தது. அந்த இயக்கம் எதிர்த்த சில விளையாட்டுகளைப் பார்த்து அவளுக்கே உடம்பு கூசியது. தன்னுடையதும் யாருக்கோ அப்படித் தெரிகிறதோ? குழம்பிக் குழம்பி, கயிறு இல்லாமல் ஒன்றைச் செய்து வைத்திருந்தாள்.

"இதையும் ஆடிப் பாருண்ணே."

திருச்செல்வம் போனை வாங்கினான். திரையில் காவடிக்காரன் குகைக் கோயில் படியேறினான். பின்னால் யாரும் இல்லை. மயிலிறகுகள் காற்றில் விரிந்தன. அவன் கால்கள் படியை விட்டு எழுந்தன. குகை வாசலைத் தாண்டி, மேகத்தைத் தாண்டி, வெளிச்சப் பொட்டாகி, ரயில் ஜன்னலில் தெரிந்த அந்தி வானத்துக்குள்ளேயே போய்விட்டதுபோல் இருந்தது. திரையில் வெறும் நீலம் மிஞ்சியது.

திருச்செல்வத்தின் கை தன்னையறியாமல் முதுகைத் தடவியது.

"இது என்ன, புரோகிராம் கோளாறா?"

"இல்லண்ணே. பிடிக்க ஆள் இல்லேன்னா அப்படித்தான் போவுது."

"அப்ப நான் திரும்பி வர மாட்டேனா?"

புனிதா போனை வாங்கி, கயிற்றை எடுக்க முடியாது, நீக்கிக்கொள்ளுங்கள் என்று கடைக்கு எழுதினாள். அனுப்பியும் விட்டாள். கயிறு உள்ள விளையாட்டை அவளே ஓர் இணையப் பக்கம் திறந்து இலவசமாகப் போட்டுவிட்டால், தடுக்க நடுவில் கட்டண நிறுவனம் என்று எதுவும் இருக்காது. ஆனால் இதுதான் என் தொழில் என்று வீட்டில் சொல்லவும் இனி முடியாது.

ஷா ஆலமில் ஆட்கள் இறங்கினார்கள். அந்த வெறும் இருக்கைகளின் மேல் யாரோ மிதப்பதுபோல் அவளுக்கு இருந்தது.

"மாமாவுக்கு முட்டி வலி," என்றான் திருச்செல்வம், வெளியே பார்த்தபடி. "வர்ற தைப்பூசத்துக்கு நீ கயிறு பிடிக்கிறியா?"

"நானா? அம்மா விடுமா?"

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா போன் மாதிரி சும்மா அதிராது. இழுக்கும்."

புனிதா மடியிலிருந்த வெறுங்கையைப் பார்த்தாள். கயிற்றைப் பிடிப்பதுபோல் மெல்ல மூடிக்கொண்டாள்.