பீவர் அணைக்கு வலப்புறம்

படகைத் தலையில் சுமந்து அடுத்த ஏரிக்கு நடக்கும் பாதை எங்கே தொடங்கும் என்பது ஆர்டிசுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தோழி லெம்பியோடு பத்தொன்பது இலையுதிர்காலம் வந்த வழி அல்லவா? ஒரு கோணல் தேவதாரு, அதன் காலடியில் தட்டைப் பாறை.

பயணத்தின் மூன்றாம் நாள் காலையில் அங்கே வந்தால் பாறையைக் காணோம். தேவதாரு இடுப்பளவு தண்ணீரில் பழுப்பேறி நின்றது. மரத்தைக் கடித்துச் சாய்க்கும் நீர்விலங்குகளான பீவர்கள் ஓடையை மறித்து அணை கட்டியிருந்தன. போன செப்டம்பரில் அந்த அணை இல்லை.

"அட பாவிங்களா, பாதையையே முழுங்கிட்டானுங்களே! இனி எங்க போய்த் தேடுறது?" என்றாள் படகின் முன்பலகையில் இருந்த ஆர்டிஸ்.

பின்பலகையில் இருந்த லெம்பி துடுப்பை ஒரு தரம் அழுத்தினாள். படகு வலப்பக்கம் திரும்பி, நாணல் மறைத்த இடுக்கில் நுழைந்து, ஒரு சேற்றங்கரையில் முட்டியது. கரையில் புதிதாய் மிதிபட்ட பாதை.

ஆர்டிஸ் இறங்கவில்லை.

"எப்படிடி தெரிஞ்சுது?"

"குத்துமதிப்புதான். மூக்கு மோப்பம் பிடிச்சுது."

"காப்பி கருகுறதே உன் மூக்குக்குத் தெரியாது."

லெம்பி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

ஏப்ரலில் ஆர்டிசுக்குத் தோளில் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ இல்லாம நான் துடுப்பைத் தொட மாட்டேன்டி. தேறி வா, காத்திருக்கேன்" என்று லெம்பி சொன்னாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான், தோள் பயிற்சிக்காகக் கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி, கண்ணீர் வழிய வழிய ஐந்து மாதம் இழுத்தாள் ஆர்டிஸ்.

"யாரோட வந்தே?"

லெம்பி துடுப்பைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"கார்லாவோட. என்கூட வேலை பாக்குறாளே, அவதான். ஜூலையில நாலு நாள்."

"சொல்லியிருந்தா நானே ரொட்டி சுட்டுக் குடுத்து அனுப்பியிருப்பேனே."

"உன்னால இனி முடியாதுன்னு நெனச்சேன் ஆர்டிஸ். வேற ஆளைப் பழக்கிக்கணுமேன்னு..."

நாலு நாள் சுற்றியதை ஆர்டிஸ் அங்கேயே மன்னித்திருப்பாள். காத்திருக்கிறேன் என்ற அதே வாய், இவள் இடத்துக்கு ஆள் பார்த்துவிட்டதே! அதுதான் உள்ளே இறங்கி அறுத்தது.

"இந்தப் பலகையிலயா உக்காந்தா?"

"ம்."

"துடுப்பு நல்லா போட்டாளா?"

"போட்டா. ஆனா உன்னை மாதிரி..."

"அதை விடு."

"திரும்பிடலாமா ஆர்டிஸ்?"

"எதுக்கு? நீ வேணும்னா நடந்து போ. நான் அந்த ஏரியைப் பாக்காம போறதா இல்ல. அது ஒண்ணுதான் எங்கிட்ட பொய் சொல்லல."

நல்ல தோளில் மூட்டையை மாட்டிக்கொண்டு, முன்னால் நடந்தாள். படகைச் சுமந்துகொண்டு லெம்பி பின்னால் வந்தாள். 

ஏரி அசையாமல் கிடந்தது. கரையெல்லாம் இலையுதிர்க்கும் வகை ஊசியிலை மரங்கள் பொன்னாகி, உதிர்ந்த ஊசிகள் தண்ணீரில் மஞ்சள் தூளாய் மிதந்தன. எந்த வருஷமும் இப்படிப் பழுத்து ஆர்டிஸ் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது.

படகில் துடுப்புக்குத் தாளம் வைப்பது முன்னால் இருப்பவள்தான். பின்னால் இருப்பவள் ஒத்துப் போடவேண்டும். ஆர்டிஸ் வேகம் பிடித்தாள். தோள் தணலாய் எரிந்தது. பின்னால் லெம்பிக்கு மூச்சு வாங்குவது கேட்டது.

"மெதுவாடி... தோளு போயிடும் உனக்கு."

ஆர்டிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வீச்சை இன்னும் விரைவாகப் போட்டாள்.