ஆறாவது ஸ்க்ரூ

கம்ப்யூட்டர் போர்டை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோதுதான் நாகவல்லிக்கு அது தெரிந்தது. மூலை ஓட்டையிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு விரிசல், பச்சைப் பரப்பின் குறுக்கே இரண்டு விரற்கடை ஓடியிருந்தது. சட்டென்று போர்டை மடியில் கவிழ்த்துக்கொண்டு கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா வீராசாமி கண்மூடிப் படுத்திருந்தார். விலா எலும்புகள் ஏறி இறங்கின. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மண்ணூர்பேட்டைப் பட்டறையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து டைப்பிங் வேலை எடுக்கப் போவதாக மகள் சொன்னதும் இருமலுக்கிடையிலும் எழுந்து உட்கார்ந்தார். தொண்ணூற்றெட்டில் அதை முழுசாக வாங்க அவர்களால் முடியாது. உதிரியாக வாங்கிப் பூட்டலாம் என்றான் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு ஆனந்தன். மூன்று மாதம் ரிச்சி தெருவுக்கு அலைந்தாள். கலர் மானிட்டர் கறுப்பு வெள்ளையானது. முப்பத்திரண்டு எம்.பி. மெமரி பதினாறானது. ஹார்ட் டிஸ்க் பழசு. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய வீராசாமி ஒன்றில் மட்டும் மசியவில்லை. அவள் கொண்டுவந்த மலிவு கேபினெட்டை விரலால் சுண்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, பிஸ்கட் டப்பாவா? திருப்பிக் குத்துட்டு வா" என்றார். நல்ல கேபினெட் வந்தது. அதை ஈடுகட்ட, போர்டு இருப்பதிலேயே மெல்லியதாக அமைந்துபோனது.

முந்தாநாள் பூட்டும்போது கடைசி மூலைக்கு அவரே ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டு வாங்கினார். "ஆட்டம் இருக்கக் கூடாது" என்று, இரும்போடு பழகிய கையால் இறுக்கினார். அதன்பிறகு திரையில் வெளிச்சமே வரவில்லை. நேற்று அவளுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. இன்று காலை கேபினெட்டின் பக்கத் தகடு தொட்டதும் நகர்ந்தது. தான்தான் சரியாக மாட்டவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னா, கண்டுபுட்ச்சியா?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"போர்டு கோளாறு நைனா. கடக்காரன் கெட்டுப்போனத தலைல கட்டிட்டான்."

வீராசாமியின் கை இடுப்புப் பக்கம் போனது.

"கழட்டுன ஸ்க்ரூவ தரைல வெக்காத. உம்மேலயே வெச்சிக்கணும்."

"டம்ளர்ல போட்டுக்கீறேன்." எட்டிப் பார்த்தாள். ஆறு இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தன. எங்கோ உருண்டிருக்கும், தேட நேரமில்லை.

கூப்பிட்டதும் வந்த ஆனந்தன் போர்டைக் கையில் வாங்கினான். "இன்னா வல்லி, இத யாரு இப்டி..."

அவன் மணிக்கட்டை அழுத்தினாள். "கடைல குத்ததே இப்டித்தான். இல்ல?"

ஆனந்தன் கட்டிலைப் பார்த்தான். "ஆமா. மோசமான பார்ட்டி." வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினான். "ஒடஞ்சத மாத்தித் தரமாட்டான். தெரியுமில்ல?"

"தெரியும். உங்க கடைலேர்ந்து ஒண்ணு எட்த்துகினு வா. நாளிக்கி திருப்பிக் குத்துடறேன்."

"மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னியக் கழட்டி வெச்சிடுவாரு."

உள்ளேயிருந்து அவள் அம்மா சொர்ணம் வந்தாள். "பால் உள்ள எறங்கலடி. அப்டியே வெளிய வருது."

ஆனந்தன் சைக்கிளை எடுத்தான்.

அவன் திரும்பி வர மூன்றரை ஆயிற்று. ஐந்து ஸ்க்ரூவையும் நாகவல்லி விரல்நுனியால் திருகினாள். கேபிளைச் செருகினாள். "கால் சில்லுனு ஆயிடுச்சி" என்று சொர்ணம் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு மூச்சுக்கு நடுவே இடைவெளி நீண்டது. அந்த இடைவெளியில் நாகவல்லி சுவிட்சைப் போட்டாள். விசிறி சுழன்றது. திரை இருட்டாகவே இருந்தது. பிறகு ஒரு சின்னக் கீச்சொலி. மேல் மூலையில் வெள்ளை எண்கள் மளமளவென்று ஏறின.

"நைனா. பாரு."

வீராசாமி தலையைத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"ஓடுதா?"

"ஓடுது நைனா."

"மாத்திக் குத்தானா?"

"குத்தான். ஒண்ணுமே கேக்கல."

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். "நல்ல கட" என்றார். "நல்லவன்."

ஆனந்தன் குனிந்து, சரியாகவே இருந்த கேபிளை மறுபடி அழுத்தினான்.

ஐந்தரைக்கு மூச்சு நின்றது. கேபினெட்டின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

மறுநாள் காலை, குளிப்பாட்டுவதற்காகச் சேலை மறைப்புக்குள் வேட்டியை அவிழ்த்த துலுக்கானம் சித்தப்பா, மறைப்புக்கு மேலாகக் கையை நீட்டினார். "வல்லி, முட்ச்சில சில்லறை கீது போல. வாங்கிக்கோ."

துணியோடு வாங்கி முடிச்சை அவிழ்த்தாள். காசு இல்லை. உள்ளே ஒரு ஸ்க்ரூ இருந்தது. அதன் மரையில் போர்டின் பச்சைத் தூள் ஒட்டியிருந்தது.

"இன்னாடி கீது?" என்றாள் சொர்ணம்.

"ஒண்ணுமில்லம்மா."

மறைப்புக்குள் முதல் குடத்துத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நாகவல்லி ஸ்க்ரூவைத் தன் முந்தானை நுனியில் வைத்து முடிந்தாள், அதிகம் இறுக்காமல்.