வேனுக்குப் போட்ட பாதை

எனக்கு வாய் நீளம் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவளுக்கு வாய் இல்லாமல் பிழைப்பு ஓடுமா? பின்னால் ஒரு கூட்டம் வானரம், ஒன்றின் முடியை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். முன்னால் எவனாவது கையைக் காட்டாமல் திரும்புவான். இரண்டு பக்கமும் கத்திவிட்டு வீடு வந்து சேரும்போது தொண்டை கட்டியிருக்கும். அப்படிப்பட்ட நானே வீட்டுக்குள் ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டேன். சக்கர நாற்காலி. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘அது’.

"அதைக் கொஞ்சம் இப்படித் தள்ளு." "அதுல காத்து குறைஞ்சிருக்கு பாரு." "யாரோ வராங்க, அதை உள்ள வை."

இந்த வேனை முதலில் ஓட்டியது என் வீட்டுக்காரர். ஒரு லீவு நாளில் யாருக்கோ வீடு மாற்ற உதவப் போனார். வேன் கூரைமேல் ஏறிக் கட்டிலைக் கட்டிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தார். முதுகெலும்பில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து அவரோடு ‘அது’வும் வீட்டுக்கு வந்தது. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது, அந்தக் கொஞ்ச நாள் மட்டும் தீரவில்லை. இனி நடக்க முடியாது என்ற உண்மையை டாக்டர் எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார், தனித்தனியாக. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தோம்.

இதில் எங்களுக்கு ஒத்தாசை என் நாத்தனார். தம்பி விழுந்தான் என்று பதறி வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். நல்ல மனசு. ஆனால் காலை வைத்து எத்தனை பழமொழி உண்டோ அத்தனையும் அவர் வாயில்தான் வரும். "காலம் போற போக்குல யாரு கால யாரு வார..." என்று ஆரம்பிப்பார், தம்பியைப் பார்ப்பார், பாதியில் விழுங்கிவிட்டு அடுப்படிக்கு ஓடுவார். யாராவது வந்து கேட் சத்தம் கேட்டால் போதும், அவரும் நானுமாக வீட்டுக்காரரை சோபாவுக்கு மாற்றிவிடுவோம். ‘அது’ படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய், மேலே ஒரு போர்வையும் போர்த்திக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே வெறும் மண். மழை பெய்தால் சேறு. போன மழைக்கு ‘அது’ பாதி வழியில் புதைந்து நின்றுவிட்டது. நான் தள்ள, நாத்தனார் இழுக்க, அசைவேனா என்றது. கடைசியில் அக்கம்பக்கத்து ஆண்கள் நான்கு பேர் வந்து, பீரோவைத் தூக்குகிற மாதிரி ஆளோடு சேர்த்துத் தூக்கி வீட்டுக்குள் வைத்தார்கள். அவர் குனிந்த தலை நிமிரவே இல்லை. அன்றைக்குப் பிறகு வாசற்படியைத் தாண்டவில்லை.

தெருமுனையில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. மத்தியானத்தில் வேன்காரர்கள் எல்லாம் அந்த பெஞ்சில்தான் கூடுவார்கள். முன்பெல்லாம் அங்கே சிரிக்கிற சத்தத்தில் பெரிய சத்தம் என் வீட்டுக்காரர் சத்தம்தான். இப்போது என்னிடம், "பெஞ்சுல இன்னிக்கு யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்பார். நான் சொல்வேன். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். பெற்ற வயிறுதான் பற்றி எரியும் என்பார்கள், இங்கே கட்டிக்கொண்டவள் வயிறும் எரிந்தது. இந்த மனுஷன் யார் கையையும் எதிர்பார்க்காமல் அந்த பெஞ்சுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"கேட்டுலேருந்து படி வரைக்கும் ஒரு பாதை போட்டுடலாம்."

"எதுக்கு?"

"வேன் சேத்துல புதையுதில்ல."

பச்சைப் பொய். வேனைத் தெருவில் நிறுத்தினால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வேனுக்குத்தானே?" என்றார்.

"பின்ன வேற யாருக்காம்?" என்று குழம்பை ஊற்றினேன்.

அதற்குப் பிறகு எதில் போடுவது என்று ஒரே வாக்குவாதம். நாத்தனாருக்கு டைல்ஸ். பளபளவென்று இருக்குமாம், வருகிறவர்கள் அசந்துபோவார்களாம்.

"மழையில வழுக்கும் அண்ணி" என்றேன்.

"நம்ம வீட்டுல யாரு வழுக்கி விழப் போறா, நீயும் நானும்தானே நடக்க..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தார் வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். சக்கரம் நின்ற இடத்திலேயே திரும்பினால் வெயிலில் பிய்ந்துவிடுமாம். இன்டர்லாக் கல்லும் வேண்டாமாம், அடியில் மண் இறங்கினால் ஒரு கல் தூக்கும், ஒரு கல் அமுங்கும். சக்கரத்தோடு வாழ்ந்த மனுஷன், எந்தத் தரை என்ன செய்யும் என்று அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர் கடைசியில் சொன்னார், "ரெண்டு லோடு ஜல்லியைக் கொட்டிட்டாப் போதும். எதுக்கு வருஷக்கணக்கா நிக்கற மாதிரி?"

ஜல்லியில் வேன் போகும். ‘அது’ ஒரு அடி நகருமா? அவருக்குத் தெரியாதா என்ன? அப்புறம்தான் உறைத்தது. நாளைக்கே எழுந்து நடக்கப் போகிறவருக்கு நாள்பட உழைக்கும் பாதை எதற்கு? கெட்டியாக ஒரு பாதை போட்டுவிட்டால், இனிமேல் இப்படித்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் கோபத்தைக் காட்டினேன்.

"வேன் கனத்துக்கு ஜல்லி ஒரே மாசத்துல பள்ளம் விழும். காங்கிரீட்தான். பேச்சே கிடையாது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். அவருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற அந்தக் குமிழி வைத்த கட்டையை எந்நேரமும் இடுப்பில் செருகியிருப்பார். டீ கொடுத்தால் டீ வைத்த ஸ்டூல்மேல்கூட அதை வைத்துப் பார்ப்பார். வீட்டுக்காரர் சோபாவில், மடிமேல் ஒரு துண்டோடு உட்கார்ந்திருந்தார். ‘அது’ கதவுக்குப் பின்னால்.

"சார் எழுந்து வந்து இடத்தைக் காட்டினா நல்லாருக்கும்" என்றார் மேஸ்திரி.

"தம்பிக்குக் கால்ல சுளுக்கு" என்றார் நாத்தனார், கண் இமைக்காமல்.

"அடடா. நல்லெண்ணெயைச் சூடு பண்ணி கீழேருந்து மேல நீவி விடுங்க பெரியம்மா, மூணே நாளு."

"ஆமா, அப்படித்தான் பண்றோம்" என்றார் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று வெளியே போய்விட்டேன்.

மேஸ்திரியிடம் எல்லாம் சொன்னேன். கெட்டியாக இருக்க வேண்டும், விரிசல் விடக் கூடாது, தண்ணீர் தேங்கக் கூடாது, வழுக்கக் கூடாது. சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன். அவர் தரையில் குந்தி, வேனுக்கு அடியில் தலையை விட்டு, சக்கரத்துக்குச் சக்கரம் டேப் பிடித்து அளந்தார். ஆகா, என்ன பொறுப்பான மனுஷன் என்று எனக்குள் பூரித்துக்கொண்டேன்.

காங்கிரீட் போட்ட அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூட நாள். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனைத் தெருவில் நிறுத்திவிட்டுக் கேட்டைத் திறந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் இரண்டு பட்டை. தண்டவாளம் மாதிரி. ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம். நடுவில் மண்ணை மூடிக் கூழாங்கல் பரப்பியிருந்தது. வேன் சக்கரம் இரண்டும் அச்சாக உட்காரும், சந்தேகமே இல்லை. ‘அது’வோ ஒரு பட்டைக்குள் அடங்காது, இரண்டு பட்டைக்கும் எட்டாது.

மேஸ்திரி ஈர ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "எப்படிம்மா? முழுசாப் போட்டா மழைத்தண்ணி எங்க போகும்? இப்போ நடுவுல இறங்கிடும். நம்ம கை வேலை."

"நடுவுல ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன்.

"வேனுக்கு நடுவுல சக்கரம் இல்லையேம்மா."

நாத்தனார் வாசலிலிருந்து கைகொடுத்தார். "விருந்தாளி வந்தா நடந்து வர வேணாமா?"

"அதுக்கென்ன பெரியம்மா, நடுவுல அடிக்கு ஒரு கல்லு பதிச்சு விடறேன். தாவித் தாவி வந்துடலாம்."

"இல்ல... கேஸ் சிலிண்டர் உருட்டணும்" என்றேன் நான்.

"பட்டை மேல தாராளமா உருட்டலாம்."

"குழந்தை வண்டி!" என்றார் நாத்தனார். "பக்கத்து வீட்டுக் குழந்தையை வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வருவாங்க."

"பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நீங்க ஏன் பெரியம்மா பாதை போடறீங்க?"

நாத்தனாரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. எனக்குத் தலைக்குமேல் கோபம் ஏறியது. மேஸ்திரியிடம் காட்ட முடியாது, அவர் சொன்னதைச் செய்தவர். ஜன்னலைப் பார்த்தேன். வீட்டுக்காரர் கம்பிக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தார், காலையிலிருந்து அங்கேதான் இருந்திருப்பார்.

"பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "காங்கிரீட் கொட்டப் பலகை அடிக்கும்போதே தெரிஞ்சிருக்குமே! ஒரு வார்த்தை சொல்ல வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?"

அவர் கத்தவில்லை. "நீ சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வளவுதான், எனக்குக் காற்று போய்விட்டது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரெல்லாம் பேசுகிற வாய், இதைப் பேசவில்லையே. இந்த ஆளை வெளியே கொண்டுவரத்தான் இத்தனையும், அதையே மறைத்து மறைத்து, அவர் வெளியே வர முடியாத பாதையாகப் பார்த்துப் போட்டு வைத்திருக்கிறோம். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் என்னையும் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"அக்கா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அதை எடுத்துட்டு வா."

"ஆளு இருக்காங்கடா" என்று நாத்தனார் கிசுகிசுத்தார். தெருமுனை வரைக்கும் கேட்கும் கிசுகிசு.

"இருக்கட்டும். சக்கர நாற்காலியை எடுத்துட்டு வா."

அந்த வார்த்தையை அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். நாத்தனார் போனார். கொஞ்ச நேரம் உள்ளே ஏதேதோ சத்தம். பிறகு வீட்டுக்காரர் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வாசற்படி விளிம்புக்கு வந்து நின்றார். போர்வை ஒரு பக்கம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உருவித் தரையில் போட்டார்.

மேஸ்திரி எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தார். "சார்... சுளுக்குன்னு..."

"எங்க அக்காவுக்கு எல்லாமே சுளுக்குதான்" என்றார் வீட்டுக்காரர். "டேப் எடுத்துட்டு வாங்க. இதோட அகலத்தை அளங்க. வேன் தெருவுல நின்னுக்கும் மேஸ்திரி, இது போகணும். நான் பஞ்சர் கடைக்குப் போகணும்."

மேஸ்திரி கூழாங்கல் மேல் நடந்து போய் மண்டியிட்டு அளந்தார். வீட்டுக்காரர் கையை விரித்துக் காட்டினார், சக்கரத்தைத் தள்ள முழங்கைக்கு இவ்வளவு இடம் வேண்டும், கேட் பக்கத்தில் திரும்ப இவ்வளவு, படிமேல் போடுகிற சரிவு இதுக்கு மேல் போனால் கை வலிக்கும், மேல்பூச்சு ரொம்ப வழவழப்பாக வேண்டாம், துடைப்பத்தால் கீறிவிடுங்கள் என்று. எனக்கு வேனை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்தாரே, அந்தக் குரல். எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு.

"நடுவுல கல்லை எடுத்துட்டு, கம்பி கட்டி, மூணையும் ஒண்ணாச் சேர்த்துடறேன் சார். தண்ணிக்கு ஓரமா ஒரு வாய்க்கால் விட்டுக்கலாம்" என்றார் மேஸ்திரி.

"எத்தனை வருஷம் தாங்கும்?"

"நல்லா தண்ணி விட்டு ஊற வச்சா, இருபது வருஷத்துக்குக் கையே வைக்க வேணாம்."

நாத்தனார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். இருபது வருஷம் என்று இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை, எங்களுக்கெல்லாம் கொஞ்ச நாள்தான் கணக்கு. அவர் தன் முழங்காலைப் பார்த்தார். அதன்மேல் கையை வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்துக்கொண்டே மேஸ்திரியிடம் சொன்னார்.

"பத்தாது மேஸ்திரி. அதுக்கு மேலயும் நான் இருப்பேன். இன்னும் கெட்டியாப் போடுங்க."