மூச்சை அடக்கி எடுத்த அளவு

வீரமுத்து வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கோமளா கைப்பேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டாள்.

“இது யாருங்க?”

கூட மீன் பிடிக்கப் போகும் காந்தன் எடுத்த காணொளி. ஆற்று முகத்தில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் உட்கார்ந்துகொண்டு, கைநீளச் சியாக்காப் மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறவர் சாட்சாத் வீரமுத்துதான்.

“நான்தான். மீனைப் பாரு, நாலு கிலோ.”

“மீனைக் குழம்பு வச்சுப் பாத்தாச்சு. ஜாக்கெட் எங்க?”

ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை படத்தில் இருக்கத்தான் செய்தது. அவர் காலடியில், நனைந்த சாக்கு மாதிரி.

கயாக் வாங்குவதற்குக் கோமளா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். தண்ணீரில் இருக்கும் வரை அந்தச் சட்டை உடம்பை விட்டு இறங்கக் கூடாது. தோட்டத்துக் குழாயடியில் வாளி பிடித்துக் குளித்து வளர்ந்த மனிதருக்கு நீச்சல் எங்கிருந்து வரும்? புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் ஆறு நாள் மூட்டை தூக்கிவிட்டு ஏழாம் நாள் தண்ணீரில் மிதக்கப் போகிறார், போகட்டும், முழுசாகத் திரும்பி வரட்டும் என்பதுதான் அவள் கணக்கு.

“மீன் கடிச்ச பிறகுதான் கழட்டினேன்.”

“அப்படியா? ஒரு கையில மீனு, ஒரு கையில ஜாக்கெட் பக்கிளா? எனக்கே காது குத்துறீங்களா?”

கடைசியில் உண்மை வந்தது. கடையில் வாங்கின ஜோரான், அந்தத் தூண்டில் கம்பு, நின்றுகொண்டு வீசுகிறவனுக்குச் செய்தது. கயாக்கில் உட்கார்ந்து ரீலைச் சுற்றினால் கம்பின் அடிக்கட்டை சட்டையின் முன்பக்கத்தில் போய் இடிக்கிறது. கை திரும்பாது. அதனால் கரையை விட்டதும் முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றிவிடுகிறார்.

கோமளா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“ரவிக்கையை அளவெடுத்துத் தைக்கிறோம். ஜோரானை அளவெடுத்துச் செய்ய முடியாதா?” என்றாள். “முடியும்னா போங்க. இல்லன்னா கயாக்கைக் கவுத்து வச்சு அதுமேல வடகம் காயப்போடுறேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் மிதவைச் சட்டையையும் எடுத்துக்கொண்டு புக்கிட் காத்திலுக்குப் போனார்கள். அங்கே தேவன் என்பவன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலேயே ஆளுக்கு ஏற்றபடி தூண்டில் செய்து கொடுப்பான்.

“என்ன மீனு, எந்த இடம் அண்ணே?”

“சியாக்காப். சுங்கை ரம்பாய்ப் பக்கம், ஆத்து முகம்.”

“அப்ப ஏழடிக்கு மேல வேணாம்லா. நீளமாப் போனா, பக்கத்துல வந்த மீனை எட்டிப் புடிக்க முடியாது. ஆறடிக்குக் கீழ போனா, மீனு படகுக்கு அடியில ஓடுறப்ப கம்பு விளிம்புல அடிச்சு ஒடைஞ்சிரும்.”

ஆறரை அடிக் கம்புகள் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தூக்கிக் காட்டினான். முதலாவது தலையிலிருந்து கால்வரை நாணலாக வளைந்தது. இரண்டாவது வளையவே இல்லை. மூன்றாவது நுனியில் பணிந்து, இடுப்பில் நிமிர்ந்து நின்றது.

“இதுதான். எனக்கு வாய்ச்சது மாதிரி இல்ல, நுனியிலயாவது பணியுது,” என்றாள் கோமளா.

அடுத்தது அடிக்கட்டையின் நீளம். தேவன் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையைக் காட்டினான். “கயாக்குல உக்கார்ற மாதிரி காலை நீட்டி உக்காருங்கண்ணே. சட்டையையும் போட்டுக்குங்க.”

வீரமுத்து உட்கார்ந்தார். சட்டையின் மூன்று பக்கிளையும் பூட்டியதும் முன்பக்கம் பானையாகப் புடைத்துக்கொண்டது. எதிர்வீட்டில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“பாருங்க, என் சமையலுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?” என்றாள் கோமளா.

அவ்வளவுதான். மூட்டை தூக்கின உடம்பு என்று ஊரெல்லாம் பெருமை பேசினவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தேவன் அளவு நாடாவோடு குனிந்த நேரம் பார்த்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“மூச்சை விடுங்கண்ணே.”

“விட்டுட்டுத்தான் இருக்கேன்,” என்றார். குரல் கீச்சென்று வந்தது.

கோமளா அதைக் கவனிக்கவில்லை. கம்பில் வளையங்களை வைத்துக் கட்டும் வண்ண நூலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். சட்டையின் ஆரஞ்சு நிறத்தையே எடுத்துக் கொடுத்தாள். “ஒண்ணைப் பாத்தா இன்னொண்ணு ஞாபகம் வரணும்.”

மூன்று வாரத்தில் தூண்டில் வந்தது. கோமளா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தானும் கூடவே கிளம்பினாள். ஆற்றங்கரையில் பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்றாவது வீச்சிலேயே மீன் கவ்வியது. நுனி பணிந்தது, இடுப்பு நின்றது. என்ன அழகான கம்பு! வீரமுத்து ரீலைச் சுற்றினார். அரைச் சுற்றுத்தான். அடிக்கட்டை சட்டையில் போய் முட்டிக்கொண்டது. இரண்டு விரற்கடை அதிகம். வயிற்றை இழுத்துப் பார்த்தார். ஐந்து சுற்றுக்கு மேல் தாங்கவில்லை. மீனோ கரையோரச் சேற்றில் நின்ற பாக்காவ் மர வேர்களைப் பார்த்து ஓடியது. இடது கை தன்னாலே போய் ஒரு பக்கிளைத் திறந்தது. இன்னும் இரண்டுதான்.

அந்த நேரத்தில் மனைவி முகம் கண்ணுக்குள் வந்தது என்று சொன்னால் அது கதை. அவருக்குக் கேட்டதெல்லாம் ‘விட்டுட்டுத்தான் இருக்கேன்’ என்ற தன் கீச்சுக் குரல்தான். திறந்த பக்கிளைத் திரும்பப் பூட்டினார். தூண்டில் நரம்பு வேரில் மாட்டி அறுந்தது.

கரைக்கு வந்தபோது கோமளா எழுந்து நின்றாள். “நல்லாத்தானே வளைஞ்சுச்சு? மீன் எங்க?”

“போயிருச்சு. கட்டை இடிக்குது.”

“இடிக்குதா? அளவெடுத்துத்தானே செஞ்சான்? இருங்க, அந்தத் தேவனை என்ன கேக்குறேன் பாருங்க,” என்று அப்போதே கைப்பேசியில் கூப்பிட்டுவிட்டாள்.

“கோமளா, அவனைத் திட்டாத.” வீரமுத்து ஈரக் கையால் அவள் முழங்கையைப் பிடித்தார். “அன்னிக்கு நான்... வயித்தை எக்கிட்டேன்.”

“அக்கா? ஹலோ? அக்கா?” என்று தேவன் கைப்பேசிக்குள் கத்திக்கொண்டிருந்தான். கோமளாவுக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் மார்பில் இருந்த மூன்று பக்கிளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். மூன்றும் இறுக்கமாக இருந்தன.

“எவ்வளவு?” என்றாள், இப்போது மெதுவாக.

அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

“தம்பி, இன்னிக்கே வர்றோம்லா. அடிக்கட்டையை அறுக்கணும். இல்ல இல்ல, உன் தப்பு இல்ல. உங்க அண்ணன் மூச்சு விட மறந்துட்டாரு.” கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“மூணு விரலாவே அறுக்கச் சொல்லிரவா? தீபாவளி வேற வருது.”