யூனிஸ் டீச்சர் குடிக்கிறாங்களாம்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் அந்தத் தெருவில், ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தால் உள்ளே வேகிறது பருப்பா கறியா என்று எதிர்வீடு சொல்லிவிடும். அப்பேர்ப்பட்ட தெருவில் ஒரு வியாதியை ஒளித்து வைப்பது முந்தானைக்குள் பூனைக்குட்டியை மறைப்பது மாதிரி. யூனிஸ் டீச்சர் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பூனைக்குட்டியோ நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தது.

முதலில் கால்தான் காட்டிக்கொடுத்தது. போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால் வகுப்பறை அவளோடு சேர்ந்து திரும்பாமல், சோம்பேறிப் பிள்ளை மாதிரி கொஞ்சம் பின்தங்கி வந்தது. அப்புறம் மாடிப்படியில் கைப்பிடி இல்லாமல் இறங்க முடியவில்லை. அப்புறம் நாக்கு. இருபது வருஷமாக இலக்கணம் நடத்திய வாய், "வினையெச்சம்" என்று சொல்லப் போனால் நடுவில் வழுக்கியது.

யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தாள். அவர் தரையில் ஓடிய டைல்ஸ் கோட்டைக் காட்டினார். "இந்தக் கோட்டு மேலயே நடங்கம்மா. இந்தக் கால் குதி, அந்தக் கால் விரலைத் தொடணும்." இரண்டாவது அடியிலேயே சுவர் வந்து அவளைப் பிடித்துக்கொண்டது. ஸ்கேன், ரத்தம் என்று எல்லாம் பார்த்த பிறகு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "உங்க அப்பாவுக்கு இது இருந்துச்சா?"

இருந்தது. ஆனால் அதற்கு ஊர் வைத்த பெயர் வேறு.

அப்பா ஜோனத்தான் சார் என்றால் கிழக்குத் தாம்பரத்தில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஐம்பதை ஒட்டித் தள்ளாட ஆரம்பித்தார். நல்ல மனுஷன் தள்ளாடினால் ஊர் நரம்பையா நினைக்கும்? பாட்டிலைத்தான் நினைக்கும். ஆராதனையில் காணிக்கைப் பை ஏந்திக்கொண்டிருந்தவரை, "நீங்க உக்காருங்க சார், சின்னப் பசங்க பாத்துக்குவாங்க" என்று சபை நாசூக்காக உட்கார வைத்தது. "ஒரு சொட்டு தொட்டதில்லம்மா நான்" என்று சாகிற வரைக்கும் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குழறிக் குழறிச் சொன்னதால் மகளைத் தவிர ஒருத்தரும் நம்பவில்லை.

"இது பரம்பரையா வர்றது. சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமா சுருங்குது" என்றார் டாக்டர். "குணப்படுத்துற மருந்து இன்னும் இல்லம்மா. உடற்பயிற்சி, நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம். இதுங்களால உடம்பு தாக்குப் பிடிக்கும். குடிப்பழக்கம் இருந்தா சுத்தமா விட்டுடணும், அது நேரா இந்த இடத்தைத்தான் அடிக்கும்."

யூனிஸுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு அவள்தான் செயலாளர். மது ஒழிப்பு ஞாயிறன்று கையெழுத்து வாங்குவதே அவள்தான்.

"பிள்ளைங்க இருக்காங்களா?"

சிரிப்பு நின்றது. "ஒரே பொண்ணு."

"வர்றதுக்கும் வராததுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவங்க விருப்பப்பட்டா டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம். மொதல்ல அவங்ககிட்ட பேசுங்க."

பேசுவதாவது! மகள் பிளஸ்ஸிக்கு அப்போதுதான் செம்பாக்கத்து ஜோஸ்வினோடு கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. பையன் தங்கம். பையனின் அம்மாவும் தங்கம்தான், ஆனால் உரசிப் பார்க்கிற தங்கம். பெண் பார்க்க வந்தபோதே, "உங்க குடும்பத்துல சுகர் கிகர் உண்டா, பல்லு எல்லாம் சொந்தமா?" என்று கேட்டவள். புருஷன் போன பிறகு தனியாக வளர்த்த பெண் இது. 'கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் இந்தக் கால் நேராக நின்றால் போதும், ஆண்டவரே' என்று யூனிஸ் பஸ்ஸிலேயே பேரம் பேசினாள்.

மருந்து இல்லை என்று டாக்டர்தான் சொன்னார். செல்போன் அப்படியா சொல்லும்? கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்தாள். கோதுமையை விடு என்றது ஒன்று, விட்டாள். சர்க்கரை நரம்புக்கு எமன் என்றது இன்னொன்று, அதையும் விட்டாள். காப்பி போனது, பால் போனது. வரகும் ராகியும் வந்தன. மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் மாத்திரை, வெளிநாட்டுப் பெயர் கொண்ட ஏதோ ஒரு ஆரஞ்சு மாத்திரை என்று ஃபிரிட்ஜ் மேல் ஒரு குட்டி மெடிக்கல் ஷாப்பே முளைத்தது. ஒற்றைக் காலில் நின்று பல் தேய்த்தாள். காலையில் வல்லாரைத் துவையல், மத்தியானம் வல்லாரைக் கூட்டு, ராத்திரி வல்லாரை சூப்.

"என்னம்மா இது, வீட்ல ஆடா வளக்குறோம்?" என்றாள் பிளஸ்ஸி.

"வெயிட் குறைக்கிறேன்டி. கல்யாணத்துல பட்டுப்புடவை கட்ட வேணாமா?"

தெரு இதை வேறு மாதிரி மொழிபெயர்த்தது. "சம்பந்தம் முடிஞ்சது பொண்ணுக்கா, அம்மாவுக்கான்னே தெரியல" என்றாள் எதிர்வீட்டு ஞானஜோதி. உபவாச ஜெபத்திலும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கும் புண்ணியவதி அவள்.

விடிந்ததும் செம்பாக்கம் ஏரிக்கரையில் நடை. வாக்கிங் போகிறவர்களுக்காக அங்கே அருகம்புல் சாறும் நெல்லிக்காய்ச் சாறும் விற்கிற துளசிங்கம், யூனிஸ் வருவதை நின்று ரசித்துப் பார்ப்பான்.

"இன்னாக்கா, கரை உன்னத் தள்ளுதா, நீ கரையத் தள்றியா? பாத்து வா, ஏரில வுழுந்தா வாத்துதான் பேஜாராயிடும்."

"செருப்பு சரியில்லப்பா."

"மூணு செருப்பு மாத்திட்டியே, செருப்பு இன்னாக்கா பண்ணும்!"

அன்றைக்கு அவள் ஒரு முழுச் சுற்று நடக்காமலேயே திரும்பினாள். இத்தனை மாத்திரை, இத்தனை வல்லாரை, இத்தனை ஜெபம். கால் ஒரு வீம்பு பிடித்த கழுதை மாதிரி தன் வழியிலேயே போனது. நேராகத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள். "நரம்புத் தளர்ச்சிக்கு ஏதாவது." கடைக்காரர் ஒரு அரிஷ்ட பாட்டிலை எடுத்து வைத்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு மூடி, தண்ணி கலந்து. அதுக்கு மேல வேணாம்."

தித்திப்பும் கசப்புமாக, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு சூடு இறங்கியது. கொஞ்ச நேரத்தில், மாசக்கணக்காக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் எழுந்து சற்று தள்ளி உட்கார்ந்தது. யூனிஸ் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். மருந்து வேலை செய்கிறது! ரெண்டு மூடி நாலானது, நாலு அரை டம்ளரானது. தண்ணீர் கலப்பதை விட்டாள். பிறந்ததிலிருந்து சர்ச்சுத் திராட்சரசத்தைத் தவிர வேறொன்றை நாக்கில் வைக்காதவளுக்கு, அந்தச் சூடு எந்த ஊர்ச் சூடு என்று எப்படித் தெரியும்? லேபிளில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. ஊரார் நோட்டையெல்லாம் திருத்துகிற டீச்சர், அதை மட்டும் கண்ணாடி போட்டுப் படிக்கவில்லை.

இதற்குள் ஓலை வாசிக்கிற காலம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை பெண் பெயரை ஆலயத்தில் சபைக்கு முன் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆயர் கேட்பார். தடை தெரிந்தவர்கள் ஆலயத்துக்குள் வாய் திறப்பதில்லை. வெளியே வந்து செருப்புப் போடும்போதுதான் திறப்பார்கள். முதல் ஓலை நல்லபடி போனது. யூனிஸ் பின் பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து நிற்கும்போதெல்லாம் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது ஓலைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே நற்கருணைக்கு நடந்து போக வேண்டும். ஆகவே காலையில் வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் அரிஷ்டம்.

சமாதானம் கூறுகிற நேரம் வந்தது. பக்கத்திலிருந்த ஞானஜோதி இரண்டு கையையும் நீட்டி யூனிஸின் கைகளைப் பொத்திக்கொண்டு, "தேவ சமாதானம்" என்று முகத்தருகே குனிந்தாள். அப்படியே நின்றாள். மூக்கு ஒரு முறை சுருங்கியது. ஊர்ஜிதம் செய்துகொள்ள இன்னொரு முறை சுருங்கியது. அப்புறம் யூனிஸ் நற்கருணைக்கு நடந்தாள். விரிப்பு ஓரத்தில் கால் பின்னி, பையனின் அம்மா மடியிலேயே போய்ப் பாதி விழுந்தாள்.

கிறிஸ்தவர்கள் புறம்பேசக் கூடாது. அதனால் ஞானஜோதி பேசவில்லை, ஜெபக்குறிப்பு கொடுத்தாள். "வெளிய சொல்லிராதீங்க, ஜெபத்துல மட்டும் வெச்சுக்குங்க. நம்ம யூனிஸ் டீச்சர் குடிக்கிறாங்க." தெருவுக்கு ஒன்று, சபைக்கு ஒன்று, மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்க்கும் தன் மருமகளுக்கு ஒன்று என்று அந்த ஜெபக்குறிப்பு கிளை விட்டு, அன்று பிரியாணி ஆறுவதற்குள் செம்பாக்கத்தைத் தொட்டது.

மூன்றாவது ஓலைக்கு முந்தின சாயங்காலம் ஆயர் வேதசிரோமணி வந்தார். கூடவே பையனின் அம்மா. கூடவே, யாரும் கூப்பிடாமல், ஞானஜோதி. பிளஸ்ஸி நாற்காலி போட்டாள். யூனிஸ் சுவரோரம் உட்கார்ந்தாள். அங்கேதான் சாய வசதி.

ஆயர் தொண்டையைச் செருமினார். "டீச்சர், சபையில ஒரு பேச்சு இருக்கு..."

"நானே கேட்டுடறேன் ஐயா" என்று குறுக்கே வந்தாள் பையனின் அம்மா. "சம்பந்தி, குடின்னா குடின்னு சொல்லிடுங்க. மன்னிக்கிறதுக்கு ஆண்டவர் இருக்கார். எனக்கு அது பயமில்ல. உங்க அப்பாவும் இப்படித்தான் தள்ளாடித் தள்ளாடிச் செத்தாராமே? பரம்பரை வியாதி ஏதாச்சும் இருக்கா? அப்படின்னா நாளைக்கு ஓலை வாசிக்க வேணாம். எனக்கு ஒரே பையன். நாளைக்குப் பேரப்பிள்ளைங்க வரணும்."

பிளஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த விரலில் ஜோஸ்வின் போட்ட மோதிரம்.

அதற்குள் ஞானஜோதி சமையலறைக்குள் போய்விட்டாள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்து, எந்த அலமாரி என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். பாட்டிலோடு வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பாருங்க ஐயா. 'தானாக உண்டாகும் ஆல்கஹால் அடங்கியது'. மருந்துன்னு பேரு! தெருமுனைக் கடைக்குப் போக வெக்கப்பட்டுக்கிட்டு இதை வாங்கிக் குடிக்கிறாங்க. பின்னால பாருங்க, காலி பாட்டில் இன்னும் கிடக்குது."

யூனிஸுக்குத் தலை சுற்றியது. இது வியாதிச் சுற்றல் அல்ல. சுத்தமா விட்டுடணும், நேரா இந்த இடத்தைத்தான் அடிக்கும் என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டது. நேராக நிற்பதற்கென்று டம்ளர் டம்ளராகத் தன் காலைத் தானே வாரிக்கொண்டிருந்திருக்கிறாள். ஐயோ என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் காரணம் சொல்ல வேண்டும்.

"ஆமா ஐயா" என்றாள். "குடிக்கிறேன்."

"அம்மா!" என்றாள் பிளஸ்ஸி.

"அவர் போனதுலேர்ந்து... தனிமை. பழகிப் போச்சு. விட்டுடறேன்."

ஆயர் கண்ணை மூடினார். பிறகு, மனுஷர் நல்லவர்தான், ஆனால் எதையும் முழுசாக முடித்துவிடுகிற பழக்கம் உள்ளவர், மெதுவாகக் கேட்டார்: "அப்பா? ஜோனத்தான் சாரும்...?"

பையனின் அம்மா நாற்காலி நுனிக்கு வந்தாள்.

சுவரில் அப்பா படம் இருந்தது. கோட்டு போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, காணிக்கைப் பை ஏந்திய காலத்துப் படம். யூனிஸ் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க, தன் கால் விரல்களைப் பார்த்தாள்.

"ஆமா ஐயா. அப்பாவும் குடிச்சார்."

"ஸ்தோத்திரம்!" என்றாள் பையனின் அம்மா. சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று விளங்கி, வாயைத் துடைத்துக்கொண்டாள். "குடிதானே! நான் என்னென்னவோ நெனச்சுப் பயந்துட்டேன். ஜெபிச்சா போயிடும் சம்பந்தி." அப்புறம் குரலைத் தணித்தாள். "ஒண்ணு மட்டும். கல்யாணத்தன்னைக்குப் பொண்ணைப் பீடம் வரைக்கும் உங்க தம்பி ஃபிரெடி கூட்டிக்கிட்டு வரட்டும். நீங்க முன்னாடியே வந்து உக்காந்துடுங்க. போட்டோ வீடியோ எல்லாம் இருக்கும் பாருங்க."

"சரிங்க" என்றாள் யூனிஸ். இத்தனை நாள் கோதுமையை விட்டது, காப்பியை விட்டது, ஒற்றைக் காலில் நின்றது எல்லாம் அந்த ஒரு நடைக்காகத்தான். அதையும் விட்டாள்.

ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். ஞானஜோதி வாசலில் திரும்பி, "நான் எதையும் வெளிய சொல்லமாட்டேன்கா" என்று ஆறுதல் சொன்னாள்.

பிளஸ்ஸி கதவைச் சாத்தினாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் சிங்கில் கவிழ்த்தாள். அந்த வாடை ஹால் வரைக்கும் வந்தது.

"தாத்தா குடிக்கவே இல்லன்னு எத்தனை தடவை எங்கிட்ட அழுதிருக்க? எல்லாம் பொய்யா? மது ஒழிப்புன்னு எங்கிட்டகூடக் கையெழுத்து வாங்கினியேம்மா!"

யூனிஸ் எழுந்து அவளிடம் போகப் பார்த்தாள். கால் வேறு பக்கம் போனது.

"பாரு! இப்பவும் குடிச்சிருக்க. அவங்க வர்றாங்கன்னு தெரிஞ்சும் குடிச்சிருக்க."

"இல்லடி."

"இல்லையா? அப்ப நட. இந்த டைல்ஸ் கோடு மேல நேரா நட, பாக்குறேன்."

யூனிஸ் நடந்தாள். இரண்டாவது அடியில் சுவரைப் பிடித்தாள்.

"ஒரு கோட்டுல நடக்க முடியல உன்னால!" பிளஸ்ஸி அழுதுகொண்டே செருப்பை உதறினாள். "இது என்ன பெரிய வித்தையா? இப்படி. இப்படி வெச்சு, இப்படி." ஆத்திரத்தில் குதியை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து, வாசல்படியிலிருந்து சமையலறை வரைக்கும் அந்தக் கோட்டின் மேலேயே போனாள்.

யூனிஸ் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. அழுகையையும் பார்க்கவில்லை. அந்தக் கால்களையே பார்த்தாள். ஒரு நூல் விலகவில்லை. இதற்கு ஒன்றும் அர்த்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கும் அவளுக்கும் இந்த வயதில் கால் தங்கமாகத்தான் இருந்தது. தெரிந்தும், அவளையறியாமல் முகம் மலர்ந்துவிட்டது.

"சிரிக்கிற!" என்று கத்தினாள் பிளஸ்ஸி. "வெக்கமே இல்லாம சிரிக்கிற!"

எதிர்வீட்டு ஜன்னலில் திரை சற்று விலகியது. அடுத்த ஜெபக்குறிப்புக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

யூனிஸ் சுவரில் சாய்ந்தபடியே, குழறாமல் சொல்ல ரொம்பப் பாடுபட்டு, சொன்னாள்:

"இன்னொரு தடவ நடந்து காட்டும்மா."