செங்கல் மூலை

கேப்டன் ரிஃபாத்துக்கு எதைப் பார்த்தாலும் பத்துக்கு எத்தனை என்று சொல்லியாக வேண்டும். தம்பி மகள் கல்யாணத்தில் பாட்டுக் கச்சேரி நடத்தியவர்களுக்கு ஏழரை போட்டார். மனைவி அஃபாஃப் வைக்கிற முலூகியாக் கீரைக்கு ஏழே முக்கால், அதுவும் முயல் கறி போட்டு வைத்தால்தான். பள்ளிவாசலுக்குப் புதிதாக வந்த இமாமின் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்துக்கு என்ன போட்டார் என்பதை மட்டும் வெளியில் சொல்லவில்லை. ஏழுதான் என்று அஃபாஃப் மீன்காரியிடம் சொன்னாள், மீன்காரி எங்களிடம் சொன்னாள்.

எட்டு என்ற எண் அவர் வாயிலிருந்து விழுந்து யாரும் கேட்டதில்லை. அவர் தொழிலில் எட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. எட்டு வாங்கினால் நடுவர் ஒழுங்காக ஊதினார் என்று பொருள். அதற்குக் கீழே இறங்கினால் எங்கோ ஒரு பெரிய தப்பு நடந்துவிட்டது. கேப்டன் கணக்குப்படி எங்கள் மாவட்டத்தில் தப்பில்லாமல் ஒரு ஆட்டம்கூட நடந்ததில்லை.

ஒரு காலத்தில் அவரும் கால்பந்து நடுவராக ஓடியவர்தான். முட்டி தேய்ந்த பிறகு, ஓடுகிற நடுவர்களை எடைபோடுகிற வேலையை மாவட்ட லீக் அவருக்குக் கொடுத்தது. ஆட்டம் முடிகிறவரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். முடிந்ததும் உடை மாற்றும் அறைக்குப் போய் நடுவரிடம் நல்லது கெட்டது சொல்ல வேண்டும், பிறகு மார்க் அனுப்ப வேண்டும். யாருக்கும் தெரியாமல் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. நடக்கிற காரியமா? பந்து எந்தப் பக்கம் போகிறதோ எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பும். ஒரு தலை மட்டும் பந்தை விட்டுவிட்டு நடுவரின் காலையே பார்த்துக்கொண்டிருக்கும். போதாததற்கு, கலவரம் வரும் என்று எங்கள் மைதானத்தில் பார்வையாளர்களுக்குத் தடை. காலியான படிக்கட்டுகளில் கேப்டன் மட்டும் பெண் ஓடிப்போன மாப்பிள்ளை மாதிரி தனியாக உட்கார்ந்திருப்பார்.

பார்வையாளர்கள் வராமல் இல்லை. வாசலில் பூட்டு இருந்ததால் சுவரில் ஏறினார்கள், அவ்வளவுதான். மைதானத்தின் ஒரு மூலையை ஒட்டி ஹாஜி பஹ்கத்தின் செங்கல் கிடங்கு. எங்கள் இளைஞர் மன்ற அணியின் தலைவரும் அதே ஹாஜி பஹ்கத்தான். அவருடைய சுவர், அவருடைய பையன்கள், உடைந்த செங்கல் வேறு கைக்கெட்டின தூரத்தில் மலையாகக் கிடக்கிறது. அந்த மூலைக்குப் பந்து போனால் நடுவர்கள் கோல் கட்டத்தின் விளிம்பிலேயே நின்றுகொண்டு எட்டிப் பார்ப்பார்கள். அங்கிருந்து ஊதினால் எந்தத் தீர்ப்பும் பாதி ஊகம்தான். ஆனாலும் உயிர் முழுசாக இருக்கும்.

கேப்டன் ரிஃபாத் தன் காலத்தில் அந்த மூலைக்குப் போனதே இல்லை. அந்தப் பக்கம் நெருங்கினாலே அவர் கால்களுக்கு வேறு ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடும். இது ஊருக்கே தெரியும். ஆனால் மார்க் போட உட்கார்ந்ததும், அந்த மூலைக்குப் போகாத ஒவ்வொருவருக்கும் அதற்காகவே குறைத்தார். குறைக்கும்போது அவர் முகத்தில் வெட்கம் இருந்ததா என்று நாங்களும் எட்டி எட்டித்தான் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை.

தெசூக்கி என்று ஒரு நடுவர். அவர் பிழைப்பு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பது. வாரம் முழுக்க பில்லுக்காகத் திட்டு வாங்குவார், வெள்ளிக்கிழமை விசிலுக்காகத் திட்டு வாங்குவார். மனுஷனுக்கு லீவே கிடையாது. ரிஃபாத் நடுவராக இருந்த காலத்தில் தெசூக்கிதான் கோட்டோரம் கொடி பிடித்தவர். முதல் தர நடுவர் பட்டியலில் ஏறுவதற்கு வயது வரம்பு உண்டு. தெசூக்கிக்கு அது இந்தப் பருவத்தோடு முடிகிறது. கடைசி ஆட்டத்தில் எட்டோ அதற்கு மேலோ வாங்கினால் ஏறலாம். ஏறிவிட்டால் மாகாணத் தலைநகரில் புல்தரையில், போலீஸ் காவலோடு ஊதலாம். இல்லாவிட்டால் சாகிறவரை இந்தப் புழுதியும் மீட்டரும்தான்.

அந்தக் கடைசி ஆட்டத்துக்கு மார்க் போட வந்தவர் கேப்டன் ரிஃபாத்.

எங்கள் அணிக்கும் அது வாழ்வா சாவா ஆட்டம். சமமாக முடிந்தால் பிழைக்கும், தோற்றால் கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும். ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பிட்ட சூட்டோடு சுவர் நிறைந்துவிட்டது. பூசணி விதை உரிக்கிற சத்தம் ஓயவில்லை. காவலுக்கு வந்த ஒரே ஒரு போலீஸ் பையன், கட்டாயச் சேவையில் வந்தவன், கோல் கம்பத்துக்குப் பின்னால் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினான்.

முதல் பாதியில் தெசூக்கி அருமையாக ஊதினார். ஓட்டம் நன்றாக இருந்தது, கையைத் தூக்கினால் பலகை மாதிரி நின்றது. கை விஷயத்தில் கேப்டன் எப்போதும் கறார். பார்த்தாயோ பார்க்கவில்லையோ, கையைத் தூக்கினால் ஆட்டமில்லாமல் தூக்கு, நடுங்குகிற கையைத்தான் கல் தேடி வரும் என்று தெசூக்கிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். குறை ஒன்றே ஒன்று. செங்கல் மூலை. அந்தப் பக்கம் பந்து போகும்போதெல்லாம் தெசூக்கி விளிம்பில் நின்றுவிட்டார்.

இடைவேளையில் மார்க் போடுகிறவர் நடுவரோடு பேசக் கூடாது. கேப்டன் விதியை மீறாதவர். அன்றைக்கு மட்டும் கழிப்பறைக்குப் போகிறவர் மாதிரி இறங்கிப் போய் உடை மாற்றும் அறையில் தலையை நீட்டினார். பாசத்தில் போனார் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். முதல் தடவையாக ஒருவருக்கு எட்டு போட அவருக்கே ஆசை வந்திருக்க வேண்டும்.

"அந்த மூலைக்கு ஏன் போக மாட்டேங்கிற?" என்றார்.

தெசூக்கி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "நீங்க நின்ன இடத்துலதான் கேப்டன் நானும் நிக்கிறேன்."

கேப்டன் கதவைப் பாதி சாத்தினார்.

"அங்கயே நின்னதாலதான்டா நான் மேல போகல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இரண்டாம் பாதியில் தெசூக்கி போனார். முதல் தடவை போனபோது சுவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. "மீட்டர் இந்தப் பக்கம் இல்ல, மாமா" என்று ஒருவன் கத்தினான், எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை சிரிப்பு குறைந்தது. பூசணி விதைத் தோலைத் துப்பினார்கள். தெசூக்கி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படிக்கட்டில் கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். ஆளுக்கு ஒரு கோல். வெளியூர்க்காரன் ஒருவன் செங்கல் மூலையிலிருந்து பந்தைக் கோல் கட்டத்துக்குள் தூக்கி அடித்தான். எங்கள் பின்காவல்காரன் ஒருவன் எழும்பினான். பந்து அவன் மேல் பட்டுத் திரும்பியது. தலையில் பட்டதா, கையில் பட்டதா? தெசூக்கி சுவருக்கு மிக அருகில் இருந்தார், ஒரு நடுவர் நிற்கக்கூடிய மிகச் சரியான இடத்தில். விசில் ஊதினார். கையை நீட்டிப் பெனால்டி புள்ளியைக் காட்டினார். கை ஆடவே இல்லை.

அரைச் செங்கல் ஒன்று வந்தது.

எறிந்தது யார் என்று யாரும் பார்க்கவில்லை. சுவரில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், அத்தனை பேரும் அந்த நிமிஷத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எல்லார் கையிலும் போன் இருந்தது. ஆனால் ஊரில் சுற்றிய வீடியோ எல்லாம் தெசூக்கி முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் கிடப்பதிலிருந்துதான் தொடங்கின. பந்து கையில் பட்டதா என்று காட்டக்கூடிய வீடியோவில் எறிந்தவன் முகமும் இருக்குமே. அழித்துவிட்டார்கள். போலீஸ் பையன் எழுந்து தொப்பியைத் தேடினான். தெசூக்கியை ஒரு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பெனால்டி அடிக்கப்படவே இல்லை, ஆட்டம் நின்றுபோனது.

வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் ஹாஜி பஹ்கத் கேப்டன் வழக்கமாக உட்காரும் காப்பிக்கடைக்கு வந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சும் வாழைப்பழமும் அனுப்பியதாகச் சொன்னார். தெசூக்கி மாதிரி நல்ல மனுஷன் உண்டா என்று கேட்டார். தன் சுவரைக் கட்டிய கொத்தனாரைக்கூடத் திட்டினார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். கேப்டனின் அறிக்கையை வைத்துத்தான் லீக் அணிக்குத் தண்டனை போடும்.

"தீர்ப்பு தப்புன்னு எழுதுங்க, கேப்டன். ரெஃப்ரி தப்புப் பண்ணினான், பசங்க கொதிச்சுட்டாங்க, அவ்வளவுதான். மறு ஆட்டம் கிடைக்கும், நம்ம ஊர் பிழைச்சுக்கும். அவனுக்கு இனிமே மார்க் எதுக்கு? கண்ணே போச்சு."

"யோசிக்கிறேன்" என்றார் கேப்டன். ஹாஜி போன பிறகும் அவர் முன்னால் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கடைக்காரன் அதை எடுத்துக்கொண்டு போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அவருக்கு என்ன சிக்கல் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை. பயந்துவிட்டார் என்று பேசிக்கொண்டோம். பயமும் இருந்திருக்கும்தான். ஆனால் தொண்டையில் மாட்டிய முள் வேறு. தீர்ப்பு சரியா தப்பா என்று அவருக்கே தெரியாது. பந்து மேலே வந்த நேரத்தில் வழக்கம்போல அவர் தெசூக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் அத்தனை கண்களும் பந்தின் மேல் இருந்தன, இவருடையதைத் தவிர. பார்த்தவர்கள் எல்லாரும் பொய் சொல்ல, சொல்ல வேண்டியவர் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனார். அரசு ஆஸ்பத்திரி, ஒரு கட்டிலுக்கு இரண்டு குடும்பம். தெசூக்கியின் மனைவி ஸெய்னாத் கேப்டனைப் பார்த்ததும் சலாம்கூடச் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டாள். இடைவேளையில் நடந்ததைத் தெசூக்கி அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஹாஜி அனுப்பிய பழங்கள் பக்கத்துக் கட்டில்காரர்கள் மடியில் இருந்தன.

தெசூக்கி கண் வலிக்கிறது என்று சொல்லவில்லை, எறிந்தவனைப் பிடித்தார்களா என்றும் கேட்கவில்லை.

"கேப்டன், கை பட்டுதா இல்லையா?"

"உனக்குத் தெரியாதா?"

"பட்ட மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் படுத்துக் கிடந்து யோசிச்சா, தலை மாதிரியும் இருக்கு. ராத்திரியெல்லாம் அந்தப் பந்துதான் வருது. சும்மா தலையில பட்டதுக்கா இது போச்சுன்னு..." கண்ணில் போட்டிருந்த கட்டைத் தொட்டுக் காட்டினார். "நீங்க சொல்லுங்க."

"பட்டுச்சு" என்றார் கேப்டன். குரல் ஆடவில்லை.

தெசூக்கி ஒற்றைக் கண்ணால் அவரை வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க என்னைத்தானே பார்த்துட்டிருந்தீங்க."

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள்.

"சரி" என்றார் தெசூக்கி. "ஆட்டம் முடிஞ்சா ரூமுக்கு வந்து சொல்லுவீங்கல்ல, அதைச் சொல்லுங்க. பந்தை விடுங்க. நான் எங்க நின்னேன்?"

"சரியான இடத்துல நின்ன. அதை விட நல்ல இடம் அந்த மைதானத்துல இல்ல."

"நீங்க நின்ன இடத்துல நின்னிருந்தா?"

"கை பட்டுதா படலையான்னு தெரிஞ்சிருக்காது." கேப்டன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இப்பவும் தெரியல."

அன்று மாலையே அறிக்கை அனுப்பினார். தீர்ப்பு சரி என்று எழுதினார். பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக அவர் எழுதியது அதுதான் முதல் தடவை. மார்க் எட்டரை. எங்கள் அணி கீழ்ப்பிரிவுக்குப் போனது. காப்பிக்கடையில் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலி அடுத்த நாளிலிருந்து அங்கே இல்லை. அதைக் கேட்டால் உடைந்துபோச்சு என்றான் கடைக்காரன். அவர் போனால் பேச்சு நின்றுவிடும், எங்களுடையதும்தான். அஃபாஃபுக்கு மீன்காரி பழைய மீனைத் தள்ளிவிட ஆரம்பித்தாள்.

கோடை முடிகிற சமயம் பட்டியல் வந்தது. முதல் தர நடுவர்கள். தெசூக்கியின் பெயர் இருந்தது. லீக்கில் இருக்கிறவர்கள் மார்க்கைத்தான் கூட்டுவார்கள், ஆளையா பார்க்கிறார்கள்? ஓட்டப் பரிசோதனைக்கும் கண் பரிசோதனைக்கும் தலைநகரில் ஆஜராக வேண்டும் என்று அழைப்பும் வந்தது.

போக வேண்டாம் என்று ஸெய்னாத் அழுதாள். "கூப்பிட்டிருக்காங்க. போகலேன்னா பயந்துட்டான்னு சொல்லுவாங்க" என்றாராம் தெசூக்கி. கண்ணாடிக் கண் வைத்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். கேப்டன் கூடவே போனார்.

கண் பார்க்கிற அறையில் சுவரில் வட்டங்கள் வரைந்த பலகை. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பக்கம் திறந்திருக்கும், எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். டாக்டர் இளைஞன், தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு கண்ணை மூடச் சொன்னான். தெசூக்கி கண்ணாடிக் கண்ணை மூடிக்கொண்டார். மேலே, கீழே, இடது, வலது. கையை ஃப்ரீ கிக் காட்டுகிற மாதிரி நீட்டினார். கடைசி வரிசை வரை ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இன்னொரு கண்ணு" என்றான் டாக்டர்.

தெசூக்கி நல்ல கண்ணைப் பொத்தினார். டாக்டர் குச்சியால் ஒரு வட்டத்தைத் தட்டினான். தெசூக்கி இடது பக்கம் கையை நீட்டினார். அடுத்ததற்கு மேலே. அடுத்ததற்கு மறுபடியும் இடது. டாக்டர் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். குச்சியைக் கீழே இறக்கினான். ஆனாலும் தெசூக்கி காட்டிக்கொண்டே இருந்தார், வலது, கீழே, வலது. கை பலகை மாதிரி நின்றது.

கேப்டன் ரிஃபாத் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பலகையில் எந்த வட்டம் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.