துண்டு போட்ட மேசை

மகள் செவ்வாய்க்கிழமை பிரிஸ்பேனுக்குப் போகிறாள். வேலை கிடைத்துவிட்டது, வீடும் பார்த்தாகிவிட்டது. நடுவில் மிச்சமிருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளுக்குக் கோதண்டராமன் இரண்டு வாரமாகத் திட்டம் போட்டார். ஆபீஸ் வேலைக்குக்கூட மனிதர் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

திட்டம் இதுதான். கார்ன்வால் பார்க்கில், பெரிய மரத்தடியில் இருக்கும் அந்த மேசையில், அவரும் மனைவியும் மகளுமாக மூன்று பேரும் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட வேண்டும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஆக்லாந்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் சாப்பிட்டார்கள். அப்போது த்ரீ கிங்ஸில் வாடகை வீடு. பாத்திரம் என்று சொல்ல ஒரு குக்கர்தான் இருந்தது. மகள் அபிதாவுக்கு ஆறு வயது. பார்க்கில் மேய்ந்த செம்மறி ஆடுகளைப் பார்த்து, "அம்மா, இதுக்கெல்லாம் ஓனர் யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவரையும் தெரியாத ஊரில் அன்று மத்தியானம் முழுக்கச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ இடம் போய் வந்தாயிற்று. அந்த மத்தியானம் மாதிரி ஒன்று அவருக்கு வாய்க்கவே இல்லை.

அது மகளுக்கு ஞாபகம் இருக்குமா என்பதுதான் அவருடைய கவலை. வாய் விட்டுக் கேட்கப் பயமாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

"கஃபேல டேபிள் புக் பண்ணிக்கலாம்ப்பா. மச் ஈஸியர்" என்றாள் அபிதா. வீட்டில் அவள் பேச்சு பாதிக்கு மேல் இங்கிலீஷ்தான்.

"அதெல்லாம் வேண்டாம். அந்த மேசைதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பார்க் கேட் திறந்தபோது முதல் கார் அவருடையது. ராத்திரி பெய்த மழையில் புல்லெல்லாம் ஈரம். மேசையைத் துடைத்து, ஈரோட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கரைத் துண்டை விரித்து, நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தார். பிறகு நிம்மதியாக மோட்டார்வே பிடித்துத் தகனினியில் இப்போது இருக்கும் வீட்டுக்குத் திரும்பினார்.

"காலங்காத்தால எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டாள் மனைவி தமயந்தி.

"இடம் போட்டுட்டு வந்தேன்."

"எதை வச்சு?"

"துண்டு."

தமயந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "இதென்ன ஈரோடு பஸ் ஸ்டாண்டுன்னு நினைச்சீங்களா?"

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். ஜன்னல் வழியாகத் துண்டு விழுந்த சீட்டில் எவனும் உட்கார மாட்டான். உட்கார்ந்தாலும், "துண்டு போட்டிருக்கேன்ல" என்றால் முனகிக்கொண்டாவது எழுந்துவிடுவான். இளவயதில் அவர் பார்த்த ஊர் நியாயம் அது. அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து ஒரு பார்க் மேசைமேல் விரித்துவிட்டு, மனிதர் நிம்மதியாகக் குளிக்கப் போனார்.

பதினொரு மணிக்கு மூன்று பேரும் போய்ச் சேர்ந்தார்கள். மேசையைச் சுற்றிப் பலூன், நடுவில் கேக், இருபது பேர். யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். மடித்த துண்டோடு ஒரு பெண் எழுந்து வந்தாள். யாரோ மறந்துவிட்டுப் போனதென்று நினைத்துப் பத்திரமாக எடுத்து வைத்தோம் என்றாள். கேக் வேண்டுமா என்றும் கேட்டாள். அவ்வளவு நல்ல மனுஷியிடம் எப்படிச் சண்டை போடுவது? கோதண்டராமன் துண்டை வாங்கிக்கொண்டு, "தேங்க்யூ" என்றார். இரண்டு வாரத் திட்டமும் அந்தத் துண்டோடு கைக்குத் திரும்பி வந்துவிட்டது.

அபிதா சிரித்துவிட்டாள். அவருக்குச் சுருக்கென்றது.

"எதுக்கும்மா சிரிக்கிற? நாம முதல் முதல்ல உட்கார்ந்த மேசை அது."

"இல்லப்பா. அன்னைக்கும் நமக்கு டேபிள் கிடைக்கல." இந்த முறை தமிழிலேயே சொன்னாள். "அன்னைக்கும் வேற ஒரு ஃபேமிலி உட்கார்ந்திருந்தாங்க. நீங்க பையிலேருந்து இந்தத் துண்டை எடுத்துப் புல்லுல விரிச்சீங்க. எனக்கும் அம்மாவுக்கும்தான் இடம் இருந்துச்சு. நீங்க ஈரத்துல உட்கார்ந்து பேன்ட் எல்லாம் நனைஞ்சு போச்சு. வீட்டுக்குப் போற வரைக்கும் பஸ்ல நின்னுட்டே வந்தீங்க."

"ஆமாங்க" என்றாள் தமயந்தி. "நானே மறந்துட்டேன்."

பதினெட்டு வருஷமாக அந்த மேசையில் எல்லோரையும் உட்காரவைத்திருந்தது அவர் மனசுதான். கோதண்டராமனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

அபிதா அவர் கையிலிருந்த துண்டை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் விரித்தாள். பதினெட்டு வருஷத்தில் துண்டு பெரிதாகிவிடுமா என்ன, இப்போதும் அதில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

"அம்மா, நீ உட்காரு. நீங்களும் உட்காருங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அவள் ஈரப் புல்லில் சம்மணம் போட்டாள்.

"எந்திரிம்மா, நனையுது பாரு" என்றார்.

"நனையட்டும்ப்பா" என்று எலுமிச்சை சாத டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.